காயைத் தொடாமல் விலை கேட்டவன்

அங்கே எந்தக் கடைவீதியில் உட்கார்ந்து யாரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாயோ, என் அருமை மாப்பிள்ளை ரங்கசாமிக்கு,

உன் மச்சான் வேலுச்சாமி எழுதுகிறேன். வியாபாரிகள் சங்க மலரில் உனக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். உன் படம், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு, கீழே நாலு வரி கண்ணீர் என்றுதான் கேட்டார்கள். நீ அதைப் பார்த்தால் "இத்தனை அழுகைக்கு எவன்டா செலவு பண்ணினது?" என்று கேட்பாய். அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். ஊரே படிக்கும். படிக்கட்டும். இதில் ஊருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. உனக்கு மட்டும்தான் தெரியாது.

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே குழப்பம். ஒன்றாக மூட்டை சுமந்த காலத்தில் நீ எனக்கு "டேய்". என் தங்கை சரசுவை உனக்குக் கொடுத்த பிறகு, நாலு பேர் முன்னால் "வாங்க மாப்ளே, உக்காருங்க". ஷட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் மறுபடியும் "டேய்". கடிதத்துக்கு எது பொருந்தும்? இரண்டுக்கும் நடுவில் "நீ" என்று வைத்துக்கொள்கிறேன். கோபம் வந்தால் நேரில் வந்து கேள்.

முதலில் கடைச் செய்தி. கேரட் விலை இறங்கிக் கிடக்கிறது. மழை வேண்டாதபோது வந்து வேண்டியபோது போய்விடுகிறது. உன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய், "என் பக்கத்து ஆணி எங்கடா?" என்று கேட்டிருப்பாய். கல்லாவில் இப்போது சரசு உட்காருகிறாள். உன்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் எல்லாம் அவளிடம் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிறார்கள். உனக்கு இது பெருமையா, வருத்தமா?

பெரிய செய்தி உன் மகளைப் பற்றியது. நீ போகும்போது தேன்மொழி கல்லூரியில் இருந்தாள். இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எதை வைத்துப் படிக்கிறாள் என்று கேள். பழ ஈ!

ஆமாம், அதேதான். கனிந்த வாழைத்தார் மேல் மொய்க்குமே, ஊதினால் மூக்குக்குள் ஏறுமே, அந்த ஈ. நீயும் நானும் வேப்பிலை கட்டியும் சாம்பிராணி போட்டும் உன் துண்டால் விசிறியும் ஆயுள் முழுக்கத் துரத்தினோமே, அதை உன் மகள் கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சால் வாயை மூடி, சோளமாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றி வளர்க்கிறாள். உன் வம்சத்துக்கு இப்படி ஒரு திருப்பம் வரும் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை.

"ஏங்கண்ணு, நம்ம கடையிலயே வேணுங்கிற அளவுக்கு இருக்குது. இதுக்குப் பெங்களூரு போகோணுமா?" என்று கேட்டேன்.

"மாமா, உங்க கடை ஈ ஊர்சுத்தி ஈ. எங்களுது வம்சம் தெரிஞ்ச ஈ."

"ஈக்குமா ஜாதகம் பாக்கறீங்க?"

"உங்க அளவுக்கு இல்லீங்க மாமா" என்றாள். இந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எதற்கு ஈ என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் உனக்குச் சொல்கிறேன். நம் உடம்பில் காவல் இரண்டு வகையாம். ஒன்று படித்த காவல். வந்த கிருமி யார் என்று விசாரித்து, அதற்கென்றே ஆயுதம் செய்து, சண்டைக்குத் தயாராக நாள் கணக்கில் ஆகும். ஆனால் ஒரு தடவை பார்த்தவனை லேசில் மறக்காது. தடுப்பூசி போடுவது இந்தக் காவலுக்குப் பாடம் எடுக்கத்தான். இன்னொன்று பிறவிக் காவல். தாய் வயிற்றிலிருந்து வரும்போதே கூட வருவது. அதற்கு யார் பெயரும் தெரியாது, யாரையும் விசாரிக்காது, கிருமி நுழைந்த நிமிஷமே அடிதடியில் இறங்கிவிடும். ஈக்கு இரண்டாவது காவல் மட்டும்தான் உண்டாம். அழுகலிலேயே பிறந்து அழுகலிலேயே வளருகிற பூச்சி, அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சாகாமல் இருக்கிறது. அதனால் அந்தக் காவலைத் தனியாக ஆராய ஈதான் வசதி.

"பேரே தெரியாம எப்படிக் கண்ணு எதிரியைக் கண்டுபிடிக்கும்?"

"லட்சணத்தை வெச்சுத்தான் மாமா. கிருமியோட மேல்தோல்ல நம்ம உடம்புல இல்லாத சில சாமான் இருக்கும். அதைக் கழட்டி வெச்சுட்டு வரவும் அதால முடியாது, கழட்டுனா செத்துப்போகும். நம்ம செல்லு மேல அந்தச் சாமானைத் தொட்டுக் கண்டுபிடிக்கிற கை மாதிரி ஒண்ணு இருக்குது. தொட்டதும் உள்ள மணி அடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் நானும் உன்ற அப்பனும் எப்பவோ கண்டுபிடிச்சிட்டம்" என்றேன். நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மலை முழுக்கப் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்த புதிதில் அதிகாரிகள் அடிக்கடி வருவார்கள். நாம் எல்லாரும் துணிப்பைக்கும் காகிதத்துக்கும் மாறிவிட்ட யோக்கியர்கள்தான். ஆனாலும் வெறுங்கையோடு வந்து நிற்கிற வாடிக்கையாளருக்காக, எல்லாக் கடையிலும் சாக்குக்கு அடியில் ஒரு கட்டு கவர் இருக்கும். (மலரில் இதைப் போடலாமா என்று செயலாளர் கேட்பார். இப்போது இல்லை என்று சேர்த்துக்கொள்ளட்டும்.) வருகிற அதிகாரி தடவைக்குத் தடவை மாறுவார். முகத்தை நினைவு வைத்துப் பயனில்லை. அப்போதுதான் நீ அந்த விதியைச் சொன்னாய்.

"மூஞ்சியைப் பாக்காதீங்க மச்சான், லட்சணத்தைப் பாருங்க. உள்ள விட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ, கையில பைலோ பெட்டியோ. எல்லாத்துக்கும் மேல, காயைத் தொடாம வெல கேக்கறவன் வாங்க வந்தவன் இல்ல."

வாங்க வருகிறவன் பீன்ஸை எடுத்து ஒடித்துப் பார்ப்பான், வெண்டைக்காயின் நுனியைக் கிள்ளுவான், தக்காளியை அமுக்கி நம்மிடம் திட்டு வாங்குவான். இப்படி எதுவும் செய்யாமல் ஒருவன் விலை கேட்டால், நான் என் கடை முன்னால் சங்கிலியில் தொங்குகிற பழைய பித்தளைத் தராசுத் தட்டில் படிக்கல்லால் தட்ட வேண்டும். எல்லாருக்கும் மின்தராசு வந்த பிறகும் அந்தத் தட்டு அங்கேயேதான் தொங்குகிறது. டொக் என்று கேட்டால் வீதிக்கே புரியும்.

நீ போன பிறகு ஒரு சனிக்கிழமை மதியம். நல்ல கூட்டம், விட்டு விட்டுச் சாரல். ஒரு பையன் வந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான். ஷூ பளபளத்தது. நம் வீதிச் சேற்றில் பளபளக்கிற ஷூவோடு யார் வருவார்கள்? கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. நாலு பக்கமும் டேப். மேலே இங்கிலீஷில் ஏதோ அச்சடித்த சீட்டு. பெட்டியை மார்போடு அணைத்தபடி என் கடை முன்னால் வந்து நின்றான். பீன்ஸ் குவியலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"ஐயா... பீன்ஸ் என்ன விலைங்க?"

கை பீன்ஸ் பக்கம் போகவே இல்லை.

நீ சொன்ன அத்தனை லட்சணமும் ஒரே ஆளிடம், மாப்பிள்ளை! இப்படி முழுசாக ஒருத்தன் அமைந்ததே இல்லை. நான் யோசிக்கவில்லை. கையே போய்ப் படிக்கல்லை எடுத்தது. டொக்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எதிர்வரிசையில் ஷட்டர்கள் பாதிக்கு இறங்கின. கவர்க் கட்டுகள் முட்டைக்கோஸ் மூட்டைக்குள் போயின. கீரைக்கடை மாரியக்கா, கீரைக்குத் தெளிக்கிற வாளித் தண்ணீரை அப்படியே அவன் காலில் கவிழ்த்தாள்.

"அய்யோ சாமி! கை வழுக்கிப் போச்சுங்க சார்!"

கோத்தகிரிப் பக்கமிருந்து கேரட் கொண்டு வருகிற போஜன், தன் பிக்கப் வண்டியை ரிவர்ஸில் எடுத்துச் சந்து வாயை அடைத்தார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டீ வந்தது. பின்னாலேயே தொட்டுக்கொள்ள வர்க்கி வந்தது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பையனை ஒட்டி நின்றுகொண்டார்கள்.

"நான் வந்து..." என்றான் பையன்.

"தெரியுமுங்க சார். நீங்க வந்ததுல எங்களுக்கு ரொம்பச் சந்தோசம். மொதல்ல டீயைக் குடிங்க."

"இல்லைங்க, நான் தேவாலாவில இருந்து வாறேன்..."

"தேவாலாவுல புது ஆபீசு போட்டிருக்காங்களாம்" என்று மாரியக்கா அடுத்த கடைக்குச் செய்தி அனுப்பினாள். அது நாலு கடை தாண்டுவதற்குள் "சென்னையிலிருந்து ஸ்பெஷல் ஸ்குவாட்" ஆகிவிட்டது. தட்டுச் சத்தமே கேட்காத பழக்கடை வரிசையும் மூடியது. மீன்கடைக்காரர் எதற்கு மூடினார் என்று இன்று வரை அவருக்கே தெரியாது.

டீக்கும் வர்க்கிக்கும் நடுவில் தப்பிக்கத் திரும்பிய பையன், பாதி இறங்கிய ஷட்டரில் நெற்றியை இடித்துக்கொண்டான். பெட்டி கை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்தது நாங்கள் இல்லை. குரங்கு. வீதியே ஒருவன் மேல் கண்ணாக இருந்த நேரத்தில் அது நிதானமாக இறங்கி வந்து, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் என் கடை வாழைச்சீப்புமாகத் தகரக் கூரைக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தது.

"ஐயோ, அது எங்கம்மா கிண்டின தொதல்!" என்று கத்தினான் பையன்.

தொதல் உனக்குத் தெரியும், தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் போட்டுக் கறுப்பாகக் கிண்டுவார்களே, இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் வீடுகளில்.

மாரியக்கா இடுப்பில் கை வைத்து என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, எந்த ஊர்ல இன்ஸ்பெக்டரு அம்மா செஞ்ச பலகாரத்தோட ரெய்டுக்கு வர்றான்?"

"தம்பி, நீ யாரு?" என்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது.

"யோகேஸ்வரனுங்க. தேன்மொழி இருக்கிற லேபிலதான் நானும் இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். தைரியம் வரலை. அதான் முதல்ல பீன்ஸ் விலை கேட்டேன்."

என்ன கேட்க வந்தான் என்பது வீதிக்கே புரிந்தது. "பொண்ணு கேக்க வந்தவனுக்கு வாளித் தண்ணில ஆரத்தி எடுத்திருக்கறனே!" என்று மாரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கூரை மேல் குரங்கு, தொதல் பல்லில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் முழித்தது. என் முழிக்கு அது தேவலை.

அவனைச் சரசு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தேன்மொழி அங்கேதான் காத்திருந்தாள். அவளும் கூட வந்தால் மரியாதை இல்லை, ஆம்பிளையாகத் தனியாகப் போய்ப் பேசுகிறேன் என்று அவன்தான் சொன்னானாம். நனைந்த கால்சட்டையும் புடைத்த நெற்றியுமாக அவன் உள்ளே நுழைந்ததும், உன் மகள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேசிட்டீங்களா?" என்றாள்.

"வெல வரைக்கும் பேசினோம்" என்றேன்.

சரசு சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, இவ அப்பா இருந்தா அவரு சொல்லுவாரு. இல்ல. நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தேன்மொழி அதற்கு மேல். "நீங்க வேண்டாம்னா நான் ஓடிப்போக மாட்டேன் மாமா. ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டேன்." ஆக, நீ பாட்டுக்குப் போய்விட்டாய், முடிச்சு என் கையில்.

பேச்சை மாற்ற நான் பையனின் நெற்றியைப் பார்த்தேன். தேன்மொழி ஈரத்துணியை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பாருங்க மாமா. சிவப்பு, சூடு, வீக்கம், வலி. எங்க பாடத்துல மொதப் பக்கமே இதுதான்."

"கிருமி எங்க கண்ணு வந்துச்சு? ஷட்டர்தான இடிச்சுது."

"அடிபட்ட செல்லும் அதே மணியைத்தான் அடிக்கும். மணி அடிச்சா ரத்தக்குழாய் அகலமாகும், அதான் சிவப்பும் சூடும். குழாய்ல சந்து விழுந்து தண்ணி கசியும், அதான் வீக்கம். அந்தச் சந்து வழியா வெள்ளணு கும்பலா எறங்கும்."

"எறங்கி?"

"கிருமி இருந்தா முழுங்கும். முழுங்கிட்டு அதுவும் செத்துப்போகும். புண்ணுல சீழ் வருதில்லீங்களா, அதுல பாதி செத்துக் கெடக்கற நம்ம ஆளுங்கதான்."

இத்தனை வருஷம் சீழ் என்றால் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

"சரி, இதுல நான் யாரு?"

"நீங்க மேக்ரோபேஜ் மாமா. வாசல்லயே உக்காந்திருந்து, மொதல்ல பாத்து, மொதல்ல மணி அடிக்கறவரு. தமிழ்ல பெருந்தின்னி செல்லுன்னு சொல்லுவாங்க."

"பாத்தியா சரசு, உன்ற மக என்னைத் திட்டறா."

சரசு என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். "பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்றாள். அப்போதுதான் அந்தப் பையன் முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்ததும் நெற்றி வலித்து "ஸ்" என்றான்.

நானும் சிரித்தேன். தேன்மொழி சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு நடந்தது என்னன்னு தெரியுங்களா மாமா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, கேரட் பெட்டியின் துருப்பிடித்த ஆணி உன் கால் விரலில் ஏறியது. நீ யாரிடமும் சொல்லாமல் காபித்தூளை வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாய். சர்க்கரை வியாதிக்காரன் நீ. காய்ச்சலை ஸ்வெட்டருக்குள் மறைத்தாய். கோயமுத்தூருக்குக் காரில் கொண்டுபோகிறபோது பேச்சு குழறியது. ஆனாலும் பர்லியார் பழக்கடைகள் வந்ததும் கண்ணைத் திறந்து "மங்குஸ்தான் வந்திருச்சா மச்சான்? என்ன வெல சொல்றான்?" என்று கேட்டாய். நான் வண்டியை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கிருமி விஷமாகி உன்னைக் கொன்றது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதிதான் சரியாம். கிருமி ரத்தத்தில் இறங்கியதும், ஒரு விரலில் அடிக்க வேண்டிய மணி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அடித்துவிட்டதாம். எல்லாக் குழாயிலும் சந்து. எல்லா இடத்திலும் கசிவு. ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் நின்று... "உங்க வீதி மீன்கடை மாதிரி மாமா" என்றாள் தேன்மொழி. "எதுக்குன்னு தெரியாமயே ஒவ்வொண்ணா மூடிருச்சு. காப்பாத்த வந்த கூட்டமே அப்பாவைக் கவுத்திருச்சு. அடிக்கற மணியை எப்ப, எப்படி நிறுத்தறதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் ஈ வளக்கறேன்."

அவள் ஈ வளர்க்கிறாள் என்று வீதியெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். நீயும் சிரித்திருப்பாய், எனக்குத் தெரியும்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப அந்தக் காவலு நம்ம ஆளையே அடிக்காம இருக்க என்ன வழி?"

"நம்ம செல்லு ஒவ்வொண்ணும் மேல ஓர் அடையாளம் வெச்சிருக்கும் மாமா. 'நான் ஊட்டு ஆளு, என்னைத் தின்னாதே'ன்னு. அதைத் தொட்டுப் பாத்தா பெருந்தின்னி விட்டுரும்."

"இவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லியே."

"உடம்புக்குள்ள அதுவே இருக்கும். ஊட்டுக்கு வர்றவங்களுக்கு யாருங்க குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உன்னிடம் எதற்கு மறைக்க? அவன் குடும்பத்தைப் பற்றி நான் விசாரித்தேன். தாத்தா இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பியவர். அப்பா இல்லை. அம்மா தேவாலாவில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடான லயத்தில் குடியிருப்பு. அவன் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே ஒரு தட்டில் டொக் டொக் என்று கேட்டது. அது பிளாஸ்டிக் கவருக்கான சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கோயமுத்தூரிலிருந்து உன் அண்ணன் போன் செய்தார். மீன்கடை மூடிய செய்தி அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

"ஏப்பா வேலுச்சாமி, ஆளுங்க யாருன்னு கேட்டியா? நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"காலையில சொல்றனுங்க" என்று வைத்துவிட்டேன்.

பிறவிக் காவலுக்கு ஞாபகசக்தி குறைவு என்று தேன்மொழி சொல்லியிருந்தாள். எனக்கு அப்படி இல்லையே. நீயும் நானும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இந்த வீதியில் ஒரு கூடையை இறக்கி வைக்க இடம் கேட்டபோது, இருந்த கடைக்காரர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள்? அழுக்கு வேட்டி, தலையில் சும்மாடு, மலைக்குக் கீழிருந்து வந்த பேச்சு. அன்றைக்கு இந்தத் தட்டு இருந்திருந்தால் நம்மைப் பார்த்துத்தான் முதலில் தட்டியிருப்பார்கள். ஒருத்தர் கூடையை இறக்கச் சொன்னார், அதனால் இன்றைக்கு நமக்குக் கடை. அவர் நம்மிடம் எதைத் தொட்டுப் பார்த்தாரோ, தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது யோகேஸ்வரன் தனியாக வந்தான். நெற்றிப் புடைப்பு வற்றி நீலமாகியிருந்தது. இந்தத் தடவை சட்டை வெளியே. காலில் செருப்பு. வீதியே மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மாரியக்கா வாளியை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அத்தை பீன்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

"எடுத்துக்க தம்பி."

குனிந்தான். ஒரு பீன்ஸை எடுத்தான், ஒடித்தான். சத்தம் வரவில்லை, வளைந்தது. கீழே போட்டுவிட்டுக் குவியலின் அடியில் கையை விட்டு இன்னொன்றை எடுத்து ஒடித்தான். படக். பாதியை வாயில் போட்டு மென்றான்.

"ஐயா, மேல இருக்கிறது முந்தாநாள் பறிச்சது. கீழ இருக்கிறதுதான் புதுசு. ரெண்டுக்கும் ஒரே விலை சொல்லாதீங்க."

உனக்கு மட்டும் சொல்கிறேன், அவன் சொன்னது சரி. வியாபாரி என்றால் பழையதை மேலேதான் வைப்பான்.

"இவ்வளவு தெரிஞ்சவன் நேத்து ஏன்டா கையை வைக்கல?"

"லயத்து முன்னால எங்கம்மா பீன்ஸ் போட்டிருக்காங்க, சின்னதில இருந்து தெரியும். ஆனா நேத்து நான் பீன்ஸ் வாங்க வரலீங்களே" என்றான்.

மாப்பிள்ளை, உன் விதி தவறவில்லை! காயைத் தொடாமல் விலை கேட்டவன் வாங்க வந்தவன் இல்லைதான். வாங்க வராதவன் எல்லாம் பிடிக்க வந்தவன் என்று சேர்த்துக்கொண்டது நான். ராத்திரியில் தேன்மொழி அவனுக்குப் பாடம் எடுத்து அனுப்பினாளா, நிஜமாகவே லயத்தில் கற்றானா என்று நான் விசாரிக்கவில்லை. சரக்கு நன்றாக இருந்தால் எந்தத் தோட்டம் என்று கிளறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அங்கேயே நின்று உன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆளுங்க யாருன்னு கேட்டீங்கல்லங்க? பீன்ஸை ஒடிச்சுப் பாக்கற ஆளுங்க. தாய்மாமன் நான் சம்மதிச்சுட்டனுங்க. நாலு பேரு கேட்டா என்ற நம்பரைக் குடுங்க."

அவர் என்ன சொன்னார் என்பது சத்தத்தில் கேட்கவில்லை, ஏனென்றால் மாரியக்கா அதற்குள் "நம்ம பையன்தானுங்க, எல்லாம் தொறங்க!" என்று கத்திவிட்டாள். யாரும் மூடவே இல்லை, ஆனாலும் கத்தினாள். போஜன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "தம்பி, கேரட்டு என்ன வெலன்னு என்கிட்டக் கேக்காதே" என்று கையைக் குலுக்கினார். உன் அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு வருவார் என்று சரசு சொல்கிறாள். உன் அண்ணன்தானே, வருவார்.

தை பிறந்ததும் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டை நானே தலையில் சுமந்து வருவேன், மூட்டை சுமந்த தலை இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. அதில் ஒரு தட்டில் புது பீன்ஸ் இருக்கும், ஊரார் சிரிக்கட்டும். அவன் அம்மா மறுபடியும் தொதல் கிண்டி வருகிறாளாம். இந்தத் தடவை குரங்குக்குக் காவல் போஜன்.

உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். பித்தளைத் தட்டை இறக்க மாட்டேன். காவல் இல்லாத உடம்பு ஒரு நாள் தாங்காது என்று உன் மகளே சொல்கிறாள். ஆனால் இனிமேல் தட்டுவதற்கு முன்னால், வந்தவன் கையில் ஒரு பீன்ஸைக் கொடுத்துப் பார்ப்பேன். என் காலில் ஆணி ஏறினால் அன்றைக்கே சரசுவிடம் சொல்லிவிடுவேன், காபித்தூளைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்வேன். போன வாரம் கீழே போகும்போது பர்லியாரில் வண்டியை நிறுத்தினேன். மங்குஸ்தான் வந்திருந்தது. அநியாய விலை சொன்னான், மாப்பிள்ளை. பேரம் பேசாமல் வாங்கினேன்.

கடைக்குள்ளே "டேய்" என்றும் ஊர் முன்னால் "வாங்க" என்றும் இன்னும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்,
உன் மச்சான், உன் மகளுக்குத் தாய்மாமன்,
வேலுச்சாமி